தரங்கம்பாடிக்குப் போகிறவர்களுக்கு

கிழக்குக் கடற்கரைச் சாலையில் காரில் வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே தப்பைச் செய்கிறார்கள். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு டென்மார்க்காரர்கள் கட்டிய கோட்டையின் வாசலில் வண்டியை நிறுத்தி, உள்ளே ஒரு சுற்று சுற்றி, நாலு செல்ஃபி எடுத்துக்கொண்டு, “இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?” என்று கிளம்பிவிடுகிறார்கள். கோட்டை சின்னதுதான். ஊரோடு சேர்த்துப் பார்த்தால்தான் அதற்கு அர்த்தம். அதனால் ஒரு ராத்திரி தங்குகிற மாதிரி திட்டம் போடுங்கள்.

ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் நல்லவை. ஐப்பசி, கார்த்திகையில் மழையும் புயலும் இந்தக் கரையைச் சும்மா விடாது. மீன் சாப்பிடுவதற்காகவும் வருகிறவர் என்றால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடி தடைக்காலத்தைத் தவிர்த்துவிடுங்கள். அப்போது விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, மீன் வரத்து குறையும், விலை ஏறும். கிழமையில் வெள்ளி வேண்டாம். கோட்டைக்குள் இருக்கும் அருங்காட்சியகத்துக்கு அன்றுதான் விடுமுறை.

ரயிலில் வந்தால் மயிலாடுதுறையில் இறங்க வேண்டும். அங்கிருந்து தரங்கம்பாடிக்கு ஒரு காலத்தில் ரயில் ஓடியது, இப்போது பஸ்தான். சிதம்பரம், சீர்காழி வழியாகக் காரைக்காலுக்கும் நாகப்பட்டினத்துக்கும் போகும் பஸ்களும் இந்த வழிதான் வரும். தங்க இடம் குறைவு, விடுமுறை நாட்களில் சட்டென்று நிரம்பிவிடும். முன்கூட்டியே பேசி வைத்துவிட்டுக் கிளம்புங்கள். சில்லறையும் கையில் இருக்கட்டும்.

சாயங்காலம் நாலு மணி வாக்கில் பெரிய சாலையிலிருந்து கிழக்கே நடக்கத் தொடங்குங்கள். முதலில் ஊர் வாசல் வரும். வெள்ளையடித்த வளைவு, மேலே டென்மார்க் அரச முத்திரை. பழைய வாசல் இடிந்த பிறகு 1792-ல் எடுத்துக் கட்டியது. வண்டியில் வந்தாலும் இங்கே இறங்கிவிடுங்கள். வாசலைத் தாண்டினால் ராஜ வீதி, நேரே கடலில் போய் முடியும். ஹார்ன் சத்தம் பின்னால் போய்விடும், அலைச் சத்தம் முன்னால் வரும்.

இந்த ஒரே வீதியில் இரண்டு பழைய தேவாலயங்கள். 1701-ல் எழுந்த சீயோன் ஆலயம் ஒன்று, 1718-ல் பிரதிஷ்டை செய்த புதிய எருசலேம் ஆலயம் மற்றொன்று. இரண்டாவதில்தான் சீகன்பால்கு என்ற பாதிரியார் அடக்கமாகியிருக்கிறார். 1706-ல் 23 வயதில் இங்கே வந்து இறங்கி, தமிழ் படித்து, அச்சுக்கூடம் வைத்து, தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டவர். அந்த வேலை 1715-ல் முடிந்தது. காகிதத் தட்டுப்பாட்டைச் சமாளிக்க எழுத்துருக்களைச் சின்னதாக வார்த்தார்கள். பக்கத்துப் பொறையாரில் காகிதப் பட்டறையே போட்டார்கள். தமிழ்ப் புத்தகம் படிக்கிற யாரும் இந்த வீதியில் கொஞ்சம் மெதுவாக நடக்கலாம். ஆலயக் கதவு பூட்டியிருந்தால் பக்கத்தில் கேளுங்கள். ஞாயிறு காலை ஆராதனை நேரத்தில் கேமராவோடு உள்ளே போகாதீர்கள்.

கோட்டையை மறுநாள் காலை திறந்ததும் பார்ப்பதுதான் வசதி, வெயில் ஏறியிருக்காது. 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டு, ஓவ கெட்டே என்ற டென்மார்க் கடற்படைத் தளபதி கட்டத் தொடங்கியது இது. அகழி, தூக்குப்பாலம் எல்லாம் இருந்திருக்கிறது. இன்று அவை இல்லை. முதலில் கீழ்த்தளத்துக்குப் போங்கள். வளைவுக் கூரை போட்ட சரக்கறைகள், சிறை அறைகள். உள்ளே நுழைந்ததும் ஒன்றும் தெரியாது. ஒரு நிமிஷம் நின்றால் கண் பழகும். உப்புக் காற்றில் சுண்ணாம்புப் பூச்சு பொரிந்து, உள்ளே செங்கல் தெரிவதைக் கிட்டப் போய்ப் பாருங்கள், தொட்டுச் சுரண்ட வேண்டாம். பிறகு மேல்தளம். கவர்னரும் பாதிரியாரும் குடியிருந்த பகுதி அது. அங்கே நின்று கடலைப் பார்த்தால் கோட்டை ஏன் இந்த இடத்தில் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. வாங்கிய சரக்கைக் கப்பல் வரும்வரை பத்திரமாக வைத்திருக்க ஒரு கிடங்கு வேண்டியிருந்தது, அதற்குப் பீரங்கிக் காவலும் வேண்டியிருந்தது. வியாபாரம் நொடித்த பிறகு, 1845-ல் வங்காளத்துச் செராம்பூரோடு சேர்த்து, பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் தள்ளிவிட்டார்கள்.

வெளியே வந்து கரையோரமாக வடக்கே நடந்தால் மாசிலாமணிநாதர் கோயில். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தது, டென்மார்க்காரர்கள் வருவதற்கு முந்நூறு வருஷம் முந்தியது. முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. என்னைக் கேட்டால், நேரம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் கோட்டையை விட்டுவிட்டு இதைப் பார்ப்பேன்.

கரையில் போட்டிருக்கும் பாறாங்கற்கள் மேல் ஏறாதீர்கள், பாசி வழுக்கும். குளிக்கவும் வேண்டாம், இழுப்பு அதிகம். மீனவர் பகுதிக்குள் போகும்போது, காயப்போட்ட வலையை மிதிக்காமல் தாண்டாமல் சுற்றிப் போங்கள். செருப்புக் காலோடு படகில் ஏறிப் படம் எடுப்பது அவர்களுக்குப் பிடிக்காது. 2004 சுனாமி இந்தக் குப்பத்தைக் கடுமையாக அடித்தது. அவர்களாகப் பேசினால் கேளுங்கள், நீங்களாகக் கிளறாதீர்கள். “படம் எடுக்கலாமா அண்ணே?” என்று ஒரு வார்த்தை போதும். காலையில் சங்கரா, நெத்திலி, காரல் என்று மணலில் கூறு கட்டி வைத்திருப்பார்கள். பேரம் பேசலாம், வாங்குகிற எண்ணம் இருந்தால்.

ஊருக்குள் சாப்பாட்டுக் கடைகள் சொற்பம். பசி தாங்காதவர்கள் பொறையாருக்குப் போய்விடுவது நல்லது. நேரம் மிச்சமிருந்தால் வடக்கே திருக்கடையூர், அதையும் தாண்டிப் பூம்புகார். தெற்கே போனால் காரைக்கால், பழைய பிரெஞ்சு ஊர். நண்டலாறு தாண்டினால் புதுச்சேரி எல்லை. விலை மலிவு என்று அங்கே மது பாட்டில் வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு திரும்பாதீர்கள். சோதனைச்சாவடியில் பையைத் திறக்கச் சொல்வார்கள்.