காலமானவர் பாக்கியை யாரிடம் கொடுப்பது?

எனக்குப் பருப்பு அனுப்பி வந்தவர் தவறிவிட்டார். மூத்த மகன் தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்றைக் காட்டினார். தெரிந்த குடும்பமாயிற்றே என்று பாக்கி முழுவதையும் கொடுத்தேன். ஆறு மாதத்தில் மகள் கோர்ட் உத்தரவோடு வந்து நின்றார். மறுபடியும் பெருந்தொகை கொடுத்துத்தான் தீர்த்தேன்.

தாசில்தார் சான்று வாரிசுகள் யார் என்று காட்டும், அவ்வளவே. பாக்கியை வசூலிக்க அதிகாரம் தருவது 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி கோர்ட் வழங்கும் வாரிசுரிமைச் சான்று. அதை வைத்திருப்பவரிடம் நல்லெண்ணத்தோடு கொடுத்தால், 381ஆம் பிரிவு நம்மைக் காக்கும்.

இறந்தவர் குடியிருந்த ஊருக்குரிய கோர்ட்டில் விசாரியுங்கள், திருக்கழுக்குன்றத்தாருக்குச் செங்கல்பட்டு. ஓ.பி. எண்ணும் ஆண்டும் வேண்டும். தெரியாவிட்டால் இ-கோர்ட்ஸ் தளத்தில் பெயரை வைத்துத் தேடலாம்; பழைய மனுவென்றால் வக்கீல் குமாஸ்தாதான் துணை. நாம் வழக்கில் கட்சிக்காரர் அல்லவே, அதனால் நகல் மனுவோடு காரணம் சொல்லிப் பிரமாணப் பத்திரமும் வைக்க வேண்டும்.

உயிலின் ஜெராக்ஸைக் காட்டினால் அப்படியே நம்பாதீர்கள். பதிவான உயில் சார்பதிவாளர் அலுவலகத்தில் 3ஆம் புத்தகத்தில் இருக்கும். எழுதியவர் உயிரோடு உள்ளவரை அவருக்கோ அவருடைய முகவருக்கோ மட்டுமே நகல் தருவார்கள். காலமான பிறகு, இறப்புச் சான்றோடு நாமே மனுச் செய்து வாங்கலாம்.