காது சுத்தமாக இருந்தும் கேட்கவில்லையா?

காதில் சீழ் இல்லை, குறும்பி இல்லை, வலியும் இல்லை. டிஸ்பென்சரியில் லைட் அடித்துப் பார்த்தாலும் செவிப்பறை நன்றாகவே இருக்கிறது. ஆனால் கூப்பிட்டால் கேட்பதில்லை. இருபது, முப்பது வயதிலேயே இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகக் காது மந்தமாகிறவர்கள் உண்டு. பெண்களுக்கே அதிகம் வரும். குடும்பவழியாகவும் வரலாம். இந்த நோய்க்கு ஒட்டோஸ்கிளரோசிஸ் என்று பெயர்.

உள்ளே நடப்பது என்ன?

செவிப்பறைக்குப் பின்னால் மூன்று சிறிய எலும்புகள் உண்டு. கடைசியில் இருப்பது அங்கவடி எலும்பு. சுமார் 3 மில்லிமீற்றர்தான். உடம்பிலேயே மிகச் சிறியது. சத்தம் வரும்போது இது அசைந்து உட்காதுக்கு அனுப்பும். இந்த நோயில் அதன் அடியில் புது எலும்பு வளர்ந்து இறுக்கிவிடும். மழைக்கு ஊதிப்போன லயத்துக் கதவு மாதிரி, தள்ளினாலும் அசையாது.

ஓர் அடையாளம்

வீட்டில் கேட்காதவருக்குப் பெக்டரி இரைச்சலில் பேச்சு நன்றாகக் கேட்பது போலிருக்கும். மற்றவர்கள் அங்கே உரத்துப் பேசுவதும் ஒரு காரணம். "நடிக்கிறாள்" என்று ஏசாதீர்கள். அது நோயின் குணம்.

ஸ்கான் எதற்கு?

கிளினிக்கில் முதலில் இசைக்கவையைத் தட்டிப் பார்ப்பார்கள். பிறகு மெஷினில் கேட்கும் அளவை எடுப்பார்கள். தேவைப்பட்டால்தான் சி.ரி. ஸ்கான். பாண் துண்டு போடுவது போல, காது எலும்பை 1 மில்லிமீற்றருக்கும் குறைந்த தடிப்பில் படம் படமாக அது காட்டும். நல்ல எலும்பு பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். நோய் பிடித்த இடம் மங்கலாக இருக்கும். வேறு காரணம் இருந்தாலும் தெரியவரும். ஆனால் சின்ன நோய் படத்தில் விழாமலும் போகலாம். அதனால் படம் சரியாக வந்தாலும் கிளினிக்கை விட்டுவிடக் கூடாது.

ஸ்கான் வலிக்காது. அசையாமல் படுத்தால் போதும். இதுவும் எக்ஸ்ரே கதிர்தான். ஆகவே கர்ப்பிணிகள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

வழி உண்டா?

உண்டு. காதுக் கருவி போடலாம். இல்லையென்றால் ஒப்பரேஷன் செய்து, இறுகிய எலும்புக்குப் பதிலாகச் சின்னச் செயற்கைத் துண்டு வைப்பார்கள். அமெரிக்க டொக்டர் ஜோன் ஷே 1956இல் இதை முதன்முதல் செய்தார். எது பொருத்தம் என்பதை டொக்டரோடு பேசி முடிவெடுங்கள்.

நினைவில் வையுங்கள்

1. காய்ச்சிய எண்ணெயைக் காதில் ஊற்றாதீர்கள். இறுகிய எலும்பை எண்ணெய் இளக்காது.
2. டிஸ்பென்சரியில் துண்டு வாங்கி, காது மூக்கு தொண்டை கிளினிக்குக்குப் போங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் டொக்டரைப் பார்க்கக் காசு இல்லை.
3. திடீரென்று ஒரே நாளில் காது கேட்காமல் போனால் அது வேறு விஷயம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.