மைக் வாங்கும் முன்: வீட்டிலேயே பாட்டுப் பதிவு செய்ய ஒரு பாடம்



திருவொற்றியூர் பக்கம் ஒரு குழுக் கூட்டத்தில் ஓர் உறுப்பினர் எழுந்து கேட்டார்: "மேடம், எம் பொண்ணு நல்லா கானா பாடுது. போன்ல பதிவு பண்ணி அனுப்புனா, ஒரே இரைச்சலா இருக்குதுன்றாங்க. நல்ல மைக் வாங்க சங்கத்துல இருபதாயிரம் கடன் குடுப்பீங்களா?"

"பாட்டு சோறு போடுமா?" என்றார் ஒருவர். "தையல் மிஷினுக்குக் குடுக்கறோமே, இதுக்கு ஏன் குடுக்கக் கூடாது?" என்றார் இன்னொருவர்.

கானா ஆண்கள் பாட்டு என்றே ரொம்ப நாள் இருந்தது. நம்ம ராயபுரத்துப் பெண் இசைவாணி 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவில் கானா பாடினார். 2020-இல் பிபிசி வெளியிட்ட 100 பெண்கள் பட்டியலில் அவர் பெயரும் வந்தது. ஆகவே பொண்ணு பாடலாமா என்பது கேள்வி இல்லை. கடன் பணம் எதற்குப் போக வேண்டும் என்பதுதான் கேள்வி.

நாங்களும் ஒரு தடவை ஏமாந்தோம். ஆண்டு விழாப் பாட்டுக்கு விலை அதிகமான கண்டென்சர் மைக் வாங்கினோம். கேட்டுப் பார்த்தால் பாட்டோடு கன்டெய்னர் லாரி ஹாரன், பக்கத்து வீட்டு மிக்சி, மேலே ஃபேன் எல்லாம் இருந்தது. மைக் மேல் தப்பில்லை. அந்த வகை மைக் மெல்லிய சத்தத்தையும் பிடிக்கும். அது ஸ்டுடியோ அறைக்கு ஏற்றது.

அதனால் அந்த உறுப்பினர் வீட்டுக்கே போனோம். ஒரே பாட்டை அதே போனில் நாலு இடத்தில் பதிவு செய்தோம். அங்கே கற்றதுதான் இந்தப் பாடம்.

1. முதலில் இடம் (செலவு இல்லை)

ஷீட் கூரை, வெறும் சுவர் இருந்தால் குரல் மோதித் திரும்பி எதிரொலிக்கும். பாடுபவருக்குப் பின்னாலும் பக்கத்திலும் கொடி கட்டிப் போர்வை, கனமான புடவை தொங்கவிடுங்கள். எதிரொலி குறையும். ஆனால் வெளிச்சத்தத்தைப் போர்வை தடுக்காது. முட்டை அட்டை ஒட்டினாலும் தடுக்காது. அதற்கு ஜன்னலை மூடி, ஃபேனை நிறுத்தி, லாரி குறைகிற நேரம் பார்த்துப் பாட வேண்டும்.

வாய்க்கும் போனுக்கும் ஒரு சாண் தூரம் போதும். தூரம் இரண்டு மடங்கானால் போய்ச் சேரும் குரலின் வலிமை கால் பங்காகிவிடும். இரைச்சல் மட்டும் அப்படியே இருக்கும்.

2. அடுத்து காது

காதை முழுசாக மூடுகிற, ஒயர் வைத்த ஹெட்போன் வாங்குங்கள். புளூடூத்தில் சத்தம் கொஞ்சம் தாமதித்து வரும், தாளம் தப்பும். 'ப' வரும்போது காற்று அடிக்கிறதா? எம்பிராய்டரி வளையத்தில் மெல்லிய நைலான் துணி மாட்டி மைக் முன்னால் வையுங்கள். கம்ப்யூட்டர் இருந்தால் ஆடாசிட்டி என்ற மென்பொருள் இலவசம்.

3. பிறகுதான் மைக்

நம்ம பகுதி வீடுகளுக்கு டைனமிக் மைக் பொருத்தம். மேடையில் கையில் பிடித்துப் பாடுவார்களே, அந்த வகை. நாலு விரல் தூரத்தில் பாடினால் குரலைத்தான் அதிகம் பிடிக்கும். அதைக் கம்ப்யூட்டரோடு இணைக்க ஆடியோ இன்டர்ஃபேஸ் என்ற சின்னப் பெட்டி தேவை. கண்டென்சர் மைக் என்றால் 48 வோல்ட் கொடுக்கும் பெட்டியாகப் பார்க்க வேண்டும். பாடும்போது சிவப்பு விளக்கு எரியாதபடி அளவு வையுங்கள். சிவப்புக்குப் போய் உடைந்த குரலைச் சரிசெய்வது கஷ்டம்.

4. பாதுகாப்பு

கடல் காற்றில் உப்பும் ஈரமும் உண்டு. வேலை முடிந்ததும் மூடியுள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல் பாக்கெட்டோடு வையுங்கள். 'ம்ம்' என்று ஓயாமல் சத்தம் வந்தால் வீட்டு எர்த்திங்கை எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். அது உயிருக்கும் பாதுகாப்பு.

குழு எடுத்த முடிவு

போர்வை கட்டிப் பதிவு செய்ததைக் கூட்டத்தில் போட்டுக் காட்டினோம். "இது அதே போனா?" என்று எல்லாரும் கேட்டார்கள். இருபதாயிரத்துக்குப் பதில், ஹெட்போனுக்கும் ஸ்டாண்டுக்கும் மூவாயிரம் முதல் கடன். தவணை ஒழுங்காகக் கட்டி, மாதம் ஒரு பாட்டு முடித்தால், மைக்குக்கும் பெட்டிக்கும் இரண்டாம் கடன். "பாட்டு சோறு போடுமா" என்று கேட்ட அக்காதான் தீர்மானத்தை முன்மொழிந்தார். "முதல்ல எங்க வூட்டுக் கல்யாணத்துக்கு ஒரு பாட்டு பாடட்டும், காசு குடுத்துடறேன்" என்றும் சொன்னார்.

குழுவில் பேச:

- வாங்க நினைக்கும் பொருள் எந்தக் குறையைத் தீர்க்கும்? அந்தக் குறையைச் செலவில்லாமல் தீர்க்க முடியுமா?
- மூன்று கடையில் விலை கேட்டோமா? பில்லும் வாரண்டி அட்டையும் யாரிடம் இருக்கும்?
- வருமானம் வராத மாதத்தில் தவணையை எதிலிருந்து கட்டுவோம்?