பலகைப் படம்

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பது பழமொழி. சுவருக்குச் சொன்ன இவ்வுண்மை பலகைக்கும் பொருந்தும். படத்தைக் காண்போர் வண்ணத்தின் ஒளியையும் பொன்னின் பொலிவையும் கண்டு வியப்பர். அவற்றைத் தாங்கி நிற்கும் பலகையை எண்ணுவோர் சிலரே. எனினும், படத்தின் வாழ்நாள் அப்பலகையைப் பொறுத்தே அமைகின்றது.

மராட்டிய மன்னர்கள் தஞ்சையை 1676 முதல் 1855 வரை ஆண்டனர். அவர்கள் காலத்தில் செழித்த ஓவிய முறையே தஞ்சாவூர் ஓவியம் என வழங்குகின்றது. மரப்பலகையின்மேல் எழுதப்பெறுவதால் அதற்குப் ‘பலகைப் படம்’ என்னும் பெயரும் உண்டு. அக்கால ஓவியர் பலாமரத்தைப் பெரிதும் விரும்பினர். இக்காலத்தில் ஒட்டுப்பலகையைக் கொள்வோர் பலர். ஆயினும், இடிக்கப்பெற்ற பழைய வீடுகளின் கதவுப் பலகையும் இவ்வேலைக்கு ஏற்றதே. அதன் காரணம் மரத்தின் இயல்பில் உள்ளது.

வெட்டுண்ட மரமும் காற்றின் ஈரத்தை ஏற்று விரியும். வறண்ட காலத்தில் சுருங்கும். நீளவாட்டில் இம்மாற்றம் மிகச் சிறிது, குறுக்குவாட்டில் மிகுதி. ஈரம் உலராத புதுப்பலகையில் எழுதினால், நாளடைவில் பலகை வளையும், படமும் வெடிக்கும். லியோனார்டோ டா வின்சி 1503-ஆம் ஆண்டளவில் எழுதத் தொடங்கிய மோனா லிசா ஓவியம் பாப்லர் மரப் பலகையில் அமைந்தது. அதன் மேற்புறத்தில் பழைய வெடிப்பு ஒன்று உண்டு. அது பெருகாவண்ணம் பலகையின் பின்புறத்தில் மரத்துண்டுகளைப் பதித்தனர். உலகப் புகழ் பெற்ற ஓவியமும் மரத்தின் இயல்புக்குத் தப்பவில்லை. பல்லாண்டு உலர்ந்த பழம்பலகையோ தன் நிலையில் ஓரளவு அமைதி பெற்றிருக்கும்.

ஆனால், பழையன எல்லாம் நல்லன ஆகா. செல்லரித்த பலகையும் உளுத்த பலகையும் விலக்கத்தக்கவை. ஆணிகளை ஒன்றுவிடாமல் களைதல் வேண்டும். எஞ்சிய ஆணி துருப்பிடித்துப் படத்தைக் கறைப்படுத்தும். பழைய எண்ணெய் வண்ணத்தில் ஈயம் கலந்திருத்தல் கூடும். அதனைச் சுரண்டும்போது எழும் தூள் நஞ்சாகும். ஆதலால், வண்ணம் பூசப்பெறாத பலகையைத் தேர்ந்தெடுப்பதே அறிவுடைமை.

தேர்ந்த பலகையை இழைத்துச் சமமாக்குவர். அதன்மேல் வெள்ளைத் துணியைப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டுவர். பின்னர், சுண்ணாம்புத் தூளும் பசையும் கலந்த குழம்பை மெல்லியதாகப் பூசி உலர்த்துவர். உலர்ந்தபின் வழவழப்பான கல்லால் தேய்ப்பர். ஒரு பூச்சு உலருமுன் அடுத்ததைப் பூசினால், உள்ளே அடைபட்ட ஈரம் பின்னாளில் பூச்சைப் பெயர்த்துவிடும். ஆகவே, இங்குப் பொறுமையே முதற்கருவி.

அதன் பின்னரே உருவத்தை வரைவர். அணிகலன்கள் அமையும் இடங்களில் கண்ணாடிக் கற்களைப் பதிப்பர். ‘மக்கு’ என்னும் பசைக் குழம்பால் தூண்களையும் மாலைகளையும் புடைப்பாக எழுப்பி, அவற்றின்மேல் தங்கரேக்கை ஒட்டுவர். இறுதியில் ஆடைக்கும் மேனிக்கும் வண்ணம் தீட்டி, கண்களை எழுதுவர்.

படம் நிறைவுற்றபின் பலகை தெரிவதில்லை, துணியும் தெரிவதில்லை, தேய்த்துத் தேய்த்து ஓய்ந்த கையின் உழைப்பும் தெரிவதில்லை. ஆனால், தலைமுறை பல கடந்தும் பொன் உதிராது ஒளிருமாயின், அதற்குக் காரணம் மறைந்து நிற்கும் அவ்வுழைப்பே ஆகும். ஒருவர் வீட்டில் கதவாய் நின்று காத்த பலகை, மற்றொருவர் வீட்டில் ஓவியத்தைத் தாங்கி நிற்கின்றது. எறிந்த பொருளுக்கும் ஏற்றம் அளிப்பது கலைஞனின் கை.