உடற்பருமன் பெருகுவதற்கான காரணங்கள்

இங்கிலாந்தில் 1993ஆம் ஆண்டில் வயதுவந்தோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 15 பேர் உடற்பருமன் உடையோராக இருந்தனர். 2019இல் அத்தொகை 28 ஆக உயர்ந்தது. இக்குறுகிய காலத்தில் மனிதரின் பரம்பரை அலகுகள் மாறிவிடவில்லை. ஒரு நாட்டு மக்கள் அனைவரும் ஒருங்கே மனவுறுதியை இழந்தனர் என்பதும் நம்பத்தக்கதன்று. மாறியவை அவர்களைச் சூழ்ந்துள்ள உணவும் வாழ்க்கை முறையுமே.

உணவைப் பற்றி 2019இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவகங்கள் வெளியிட்ட ஆய்வொன்று கவனத்திற்குரியது. அதில் 20 பேர் நான்கு வாரங்கள் ஆய்வகத்திலேயே தங்கவைக்கப்பட்டனர். இரண்டு வாரங்கள் ஆலைகளில் மிகையாகப் பதப்படுத்தப்பட்ட உணவும், இரண்டு வாரங்கள் அவ்வாறு பதப்படுத்தப்படாத உணவும் வழங்கப்பட்டன. பரிமாறப்பட்ட இருவகை உணவிலும் சீனி, கொழுப்பு, உப்பு, நார்ப்பொருள் ஆகியன சம அளவில் இருந்தன. விரும்பிய அளவு உண்ணவும் அனுமதி இருந்தது. ஆயினும் ஆலை உணவு உண்ட நாள்களில் ஒவ்வொருவரும் சராசரியாக 500 கலோரி கூடுதலாக உட்கொண்டனர். நிறையும் ஏறத்தாழ ஒரு கிலோ கூடியது. மற்றைய உணவில் ஏறத்தாழ அதே அளவு குறைந்தது. சுவையில் இரண்டும் ஒத்தவை என்றே அவர்கள் கூறினர். மென்மையான ஆலை உணவை அவர்கள் விரைவாக உண்டனர் என்பது ஒரு விளக்கம். வயிறு நிறைந்த செய்தி மூளையை அடையச் சற்று நேரம் வேண்டும். அதற்குள் பிஸ்கட் பொதி முடிந்துவிடுகிறது.

இத்தகைய உணவு மலிவானது, கெடாதது, சமைக்க நேரமில்லாதவருக்குக் கைக்கெட்டுவது. இங்கிலாந்தில் மிக வறிய பகுதிகளில் வாழும் சிறுவரிடையே உடற்பருமன் வசதியான பகுதிகளைவிட இரு மடங்கிற்கும் அதிகமாகக் காணப்படுவதில் வியப்பில்லை. இரவுநேர வேலையும் உறக்கக் குறைவும் பசியைத் தூண்டுகின்றன. உடலுழைப்புக் குறைந்ததும் யாவரும் அறிந்ததே. சூழலை மாற்றினால் பயன் உண்டு என்பதற்கும் சான்று உள்ளது: 100 மில்லிலீற்றரில் 5 கிராமுக்குக் குறையாமல் சீனி சேர்த்த மென்பானங்கள் மீதான வரி 2018 ஏப்ரலில் நடைமுறைக்கு வருமுன்னரே பல நிறுவனங்கள் சீனியைக் குறைத்துவிட்டன.

தமிழர் உள்ளிட்ட தெற்காசியர் இங்கு தனியாகக் கருதவேண்டிய ஒன்று உண்டு. அவர்களது உடலில் கொழுப்பு வயிற்றிலும் உள்ளுறுப்புகளைச் சுற்றியும் எளிதில் படிகிறது. ஆகவே குறைந்த நிறையிலேயே நீரிழிவு தோன்றக்கூடும். நிறையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பெறும் உடற்திணிவுச் சுட்டி பொதுவாக 30ஐ எட்டும்போதே உடற்பருமன் எனப்படும். தெற்காசியருக்கு அவ்வெல்லை 27.5, ஆபத்து 23இலேயே கூடத் தொடங்குகிறது. 165 சென்ரிமீற்றர் உயரமான ஒருவருக்கு இவை முறையே 82, 75, 63 கிலோ அளவினவாகும். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்ரிமீற்றருக்குள் இருத்தல் நன்று. தொந்தியைச் செழிப்பின் அடையாளமாகக் கொள்ளும் பழைய வழக்கம் இவ்விடத்தில் தீங்கே செய்கிறது. கீரையும் பருப்பும் மீன்குழம்பும் குற்றவாளிகள் அல்ல; சோற்றின் அளவும், விருந்துகளில் வரிசையாக வைக்கப்படும் மென்பானப் போத்தல்களும் கவனத்திற்குரியன.

இங்கிலாந்தில் 40 முதல் 74 வயது வரையுள்ளோர், நீரிழிவு, இதயநோய் போன்றவை ஏற்கெனவே இல்லாதவிடத்து, ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேசிய சுகாதார சேவையின் இலவச உடற்பரிசோதனையைப் பெறலாம். அதைவிட இளைய தெற்காசியர் தமது நீரிழிவு ஆபத்தை மதிப்பிடுமாறு குடும்ப வைத்தியரிடம் கேட்கலாம். மொழிபெயர்ப்பாளர் தேவைப்படின் சந்திப்பைப் பதியும்போதே கூறவேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை.