பள்ளிப் பதிவும் உங்கள் பிள்ளையின் உரிமையும்

பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போது வீட்டு மொழி பற்றிய ஒரு படிவம் தருவார்கள். பிள்ளை முதலில் பேசிய மொழி எது, வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்று அதில் கேட்டிருக்கும். தமிழ் என்று எழுதினால் பிள்ளையை ஒதுக்கிவிடுவார்களோ என்று பயந்து, ஆங்கிலம் என்று எழுதாதேயுங்கோ.

எங்கட நாட்டில் 1971இல் பல்கலைக்கழக அனுமதிக்குத் தமிழ் மாணவரிடம் கூடுதல் புள்ளி கேட்டார்கள். அது கண்ணுக்குத் தெரிந்த பாகுபாடு. சான் பிரான்சிஸ்கோவில் நடந்தது வேறு விதம். ஆங்கிலம் தெரியாத சீனப் பிள்ளைகள் சுமார் 1,800 பேருக்கு மற்றவர்களுக்குக் கொடுத்த அதே வகுப்பு, அதே புத்தகம் கிடைத்தது. ஆங்கிலம் படிக்க உதவி மட்டும் இல்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. புரியாத மொழியில் எல்லோருக்கும் ஒரே பாடம் நடத்துவது சமத்துவம் ஆகாது என்று 1974இல் தீர்ப்பு வந்தது. அதே ஆண்டு சட்டமும் வந்தது. உங்கள் பிள்ளை ஆங்கில உதவி பெறுவது சலுகை அல்ல, உரிமை.

இனத்தின்படி பள்ளிகளைப் பிரிப்பதை 1954இலேயே உச்ச நீதிமன்றம் தடுத்தது. ஆனால் வீட்டு முகவரிப்படியே பள்ளி கிடைப்பதால், இன்று வீட்டு வாடகை பிள்ளைகளைப் பிரிக்கிறது. பிளசன்டனும் ஓக்லண்டும் ஒரே அலமீடா கவுண்டிதான். தேர்வு முடிவுகளில் பெரிய வித்தியாசம். ஓக்லண்ட் பிள்ளைகள் கெட்டித்தனத்தில் குறைந்தவர்கள் அல்ல.

பிளசன்டனில் இடம் கிடைத்தால் மட்டும் போதாது. நல்ல பள்ளியிலும் மொழி தெரியாத பிள்ளை பின்வாங்கில் மௌனமாக இருந்துவிடலாம். ஆகவே இவற்றைக் கவனியுங்கோ:

1. குடிவரவு நிலையைக் காட்டி அரசுப் பள்ளியில் இடம் மறுக்க முடியாது (1982 தீர்ப்பு). கலிபோர்னியாவில் பள்ளிகள் பொதுவாக அதைக் கேட்கவும் கூடாது.

2. வசதியில்லாமல் உறவினர் வீட்டில் தங்கியிருந்தால், வாடகை ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் உடனே சேர்க்க வேண்டும். "மெக்கினி-வென்டோ" சட்டம் என்று சொல்லிக் கேளுங்கோ.

3. படிவத்தில் தமிழ் என்று எழுதினால், சேர்ந்த 30 நாட்களுக்குள் "எல்பாக்" என்ற ஆங்கிலத் தேர்வு வைப்பார்கள். முடிவைக் கேட்டு வாங்குங்கோ.

4. ஆங்கில உதவிக்காகக் கணிதம், விஞ்ஞானப் பாடங்கள் விடுபடுகிறதா என்று பாருங்கோ.

5. தேர்வு ஒவ்வொரு ஆண்டும் நடக்கும். பிள்ளை தேறிய பிறகும் அதே பட்டியலில் இருந்தால் காரணம் கேளுங்கோ. பட்டியலிலிருந்து எடுக்கும்போது பெற்றோரின் கருத்தையும் கேட்க வேண்டும்.

ஆங்கிலம் பேச வராதே என்று கூச்சப்பட்டு ஆசிரியர் கூட்டத்துக்குப் போகாமல் இருக்க வேண்டாம். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லுங்கோ. அதற்குப் பணம் கட்டத் தேவையில்லை.