கடல் கடந்த வாணிகமும் இருவகை நம்பிக்கையும்

பல தேசங்களிற் கிளை பரப்பி வாணிகம் நடத்துவோர்க்கு முதற்கண் எழும் வினா பணத்தைப் பற்றியதன்று, மனிதரைப் பற்றியதேயாம். முதலாளி ஓரிடத்தில் இருக்கின்றான். அவனது முதலோ கடலுக்கு அப்பால் வேறொருவன் கையில் இருக்கின்றது. கொடுக்கல் வாங்கலோ வேறு மொழியும் வேறு வழக்கமும் உடைய ஜனங்களோடு நடைபெறுகின்றது. இம்மூவரையும் ஒன்றாகப் பிணித்து நிறுத்துவது யாது? வாணிகவியல் பயில்வோர் இவ்வினாவுக்கு விடை காண மேல்நாட்டுக் கம்பெனிகளின் வரலாற்றையே பெரிதும் நாடுவர். நாம் ஈண்டு நம்மவர் நடத்திய ஒரு முறையை ஆராயப் புகுகின்றோம். நாட்டுக்கோட்டை நகரத்தார் பர்மா தேசத்தில் நடத்திய லேவாதேவியே அது. அது வளர்ந்த விதமும் தளர்ந்த விதமும் ஒருங்கே நமக்குப் பாடமாகும்.

1852-ஆம் ஆண்டு யுத்தத்தின் பின் கீழ்ப் பர்மா முழுவதும் ஆங்கிலேயர் ஆட்சிக்கு உட்பட்டது. 1869-இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டபின் அத்தேசத்து அரிசிக்கு ஐரோப்பாவில் கிராக்கி மிகுந்தது. ஐராவதி நதியின் கழிமுகத்தில் காடு வெட்டிக் கழனியாக்கும் வேலை விரைந்து நடந்தது. 1850-களின் நடுவில் 10 லட்சம் ஏக்கர் அளவினதாயிருந்த கீழ்ப் பர்மா நெல்நிலம் 1930 அளவில் 80 லட்சம் ஏக்கருக்கும் மேற்பட்டது. நிலந் திருத்தவும் மாடு வாங்கவும் குடியானவனுக்குப் பணம் வேண்டும். பட்டணங்களில் இருந்த ஐரோப்பிய பாங்கிகள் கிராமத்துக்கு வரவில்லை. அங்கே சென்றவர் நகரத்தாரே. 1929-30-இல் விசாரணை நடத்திய பர்மா மாகாண பாங்கி விசாரணைக் கமிட்டி, அத்தேசத்தில் நகரத்தார் கடைகள் ஏறத்தாழ 1,650 என்றும், அவற்றில் புழங்கிய பணம் ஏறத்தாழ ரூபாய் 75 கோடி என்றும் மதிப்பிட்டது.

தந்தியும் தபாலும் தவிர வேறு துணையில்லாத காலத்தில், செட்டிநாட்டில் இருந்துகொண்டே இத்துணைப் பெரிய வாணிகத்தை எங்ஙனம் நடத்தினர்? நாம் மூன்று காரணங்களைக் காண்கின்றோம்.

முதலாவது, ஆளைப் பழக்கிய முறை. பெட்டியடிப் பையனாகச் சேரும் இளைஞன் பெட்டியடியில் இருந்தே கணக்கும் வட்டியும் நாணயமும் கற்பான். பின்னர் அடுத்தாள் ஆவான். தகுதி பெற்றபின் மேலாள் ஆகிக் கடையைத் தானே நடத்துவான். அங்ஙனம் அனுபவம் பெற்ற பலர் தாமும் கடை வைத்து முதலாளியாயினர்.

இரண்டாவது, அதிகாரமும் வரம்பும் ஒருங்கே அளித்தமை. முதலாளி மேலாளுக்கு அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுப்பார். எவருக்குக் கடன் கொடுப்பது, எவருக்கு மறுப்பது என்பவற்றை மேலாளே தீர்மானிப்பான். ஆயினும் அவனது தவணை பெரும்பாலும் மூன்று ஆண்டுகளே. அது முடிந்ததும் கணக்கை ஒப்புவித்து ஊர் திரும்புவான். வேறொருவன் அவ்விடம் செல்வான். பின் வருபவன் கண் முன் வரும் என்று அறிந்தவன் பொய்க்கணக்கு எழுதத் துணியான். அன்றியும் மேலாளின் உற்றார் உறவினர் யாவரும் முதலாளியின் அண்டை ஊர்களில் வாழ்பவர். ஒருவன் தவறினால் அவன் குடும்பத்தின் பெயரே கெடும்.

மூன்றாவது, ஒருவரையொருவர் அறிந்து நடத்தியமை. பல கடைகள் ஒரே கிட்டங்கியில் அடுத்தடுத்துப் பெட்டி வைத்து வாணிகம் செய்தன. இரங்கோன் மொகல் தெருவில் நகரத்தார் கோயிலில் மாதந்தோறும் கூடி, தம்முள் கொடுக்கும் பணத்துக்கு நடப்பு வட்டி இவ்வளவென்று முடிவு செய்தனர். ஒரு கடைக்குப் பணமுடை நேர்ந்தால் பக்கத்துக் கடை கைகொடுக்கும்.

இவை யாவும் சிறந்த ஏற்பாடுகளே. எனினும் ஒன்றை நாம் கவனித்தல் வேண்டும். மேற்கூறிய கட்டுப்பாடுகள் யாவும் முதலாளிக்கும் மேலாளுக்கும், மேலாளுக்கும் பிற மேலாட்களுக்கும் இடையே உள்ளவை. கடன் வாங்கிய பர்மியக் குடியானவனோடு இவ்வாணிகத்தைப் பிணித்தது எது? பத்திரமும் ஈடும் கோர்ட்டுமே. மேலாள் பர்மிய மொழி பேசக் கற்றான். அக்கிராமத்து நிலத்தின் தரமும் குடியானவனின் நாணயமும் அறிந்தான். அவன் வாங்கிய வட்டி உள்ளூர்க் கடன்காரர் பலர் வாங்கியதினும் குறைவே. ஆயினும் அவன் மனைவி மக்கள் செட்டிநாட்டில் இருந்தனர். மூன்றாண்டு கழிந்தால் அவனும் போய்விடுவான். எந்த மாறுதல் கணக்கைத் தூய்மையாக வைத்ததோ, அதே மாறுதல் அவனை அவ்வூரார்க்கு அந்நியனாகவே வைத்தது.

1930-இல் உலகெங்கும் வாணிக மந்தம் பரவியது. நெல்லின் விலை ஏறத்தாழப் பாதியாயிற்று. பழைய விலையை நம்பி வாங்கிய கடனைப் புதிய விலையில் தீர்த்தல் குடியானவனுக்கு இயலாததாயிற்று. அவ்வாண்டு டிசம்பரில் சயா சான் என்பார் தலைமையில் தாராவாடி ஜில்லாவில் குடியானவர் கலகம் மூண்டது. நகரத்தார் நிலத்தை விரும்பினாரல்லர். பிறரிடம் வாங்கிய மேல்பணத்தைத் திருப்பிக் கொடுக்க ரொக்கமே அவர்க்கு வேண்டியிருந்தது. வேறு வழியின்றி ஈடு வைத்த நிலத்தை ஏற்றனர். கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் ஜில்லாக்களில் 1930-இல் பயிர்நிலத்தில் நூற்றுக்கு 6 பங்கு அவர் வசமிருந்தது. 1938-இல் அது நூற்றுக்கு 25 பங்காயிற்று.

சட்டப்படி நோக்கின் இதிற் குற்றமில்லை. ஆயின் காட்டைத் திருத்திய உழவன் தன் வயலிலேயே குத்தகைக்காரனாக நிற்கையில், அவன் கண்ணுக்குச் சட்டம் தெரியாது. அந்நியன் ஒருவனே தெரிவான். அச்சட்டமும் அவன் இயற்றியதன்று. அவனை ஆண்ட வேறோர் அந்நியர் இயற்றியது. 1942-இல் ஜப்பானியர் படையெடுத்தபோது மேலாட்கள் பலர் யாவற்றையும் விட்டு ஓடிவந்தனர். பர்மா சுதந்தரம் பெற்ற 1948-ஆம் ஆண்டிலேயே நிலங்களை நாட்டுடைமையாக்கும் சட்டம் பிறந்தது. மூன்று தலைமுறை உழைப்பின் பெரும்பகுதி திரும்பி வரவில்லை.

நகரத்தாரைக் குறைகூறுதல் நம் நோக்கமன்று. அவர் பணம் இல்லையேல் அக்கழிமுகம் அத்துணை விரைவில் விளைந்திராது. நாம் கொள்ளவேண்டியது இதுவே: தேசம் கடந்த வாணிகத்துக்கு நம்பிக்கை இருவகையாக வேண்டும். தலைமை இடத்துக்கும் கிளைக்கும் இடையே உள்ளது ஒன்று. கிளைக்கும் அது நிற்கும் மண்ணின் மக்களுக்கும் இடையே உள்ளது மற்றொன்று. முன்னதைப் பேரேடு காட்டும். பின்னதற்கு எந்தப் பேரேட்டிலும் பற்றுவரவுப் பத்தி இல்லை. செழிப்புக் காலத்தில் அதன் குறைவு தெரியாது. மந்தம் வந்தபோது அதுவே முதலையும் விழுங்கும்.

இந்நாளில் கிளையின் கணக்கு ஒரு நொடியில் தலைமை இடத்தை அடைகின்றது. ஆதலின் முதல்வகை நம்பிக்கையைக் காத்தல் முன்னினும் எளிதாயிற்று. இரண்டாம் வகையோ பண்டுபோலவே அரிது. அவ்வூர் மொழியை விலை பேசுதற்கு மட்டுமன்றி அவர் துயர் கேட்டற்கும் கற்றல். அவ்வூர் இளைஞரை ஏவலராக மட்டுமன்றி மேலாளாகவும் உயர்த்துதல். லாபத்தில் ஒரு பகுதி அங்கேயே வேரூன்றச் செய்தல். கெட்ட காலத்தில் நஷ்டத்தையும் பகிர்ந்துகொள்ளுதல் என்னும் இவையே அதற்கு வழி. நம் கல்லூரியினின்று பற்பல தேசங்களுக்குச் செல்லவிருக்கும் மாணவர்கள், தம்மை அனுப்பியவர்க்கு உண்மையாயிருத்தலோடு, தாம் சென்று சேரும் ஊரார்க்கும் கடமைப்பட்டவரென்பதை மறவாதிருப்பாராக.